கேமில் வீடு வாங்கியவர்கள் உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்

செங்காங்வாசி:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் 2004-ல் வந்தது. அன்றிலிருந்தே "எங்களுக்கு வீடு எங்கே?" என்று ஆடுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'மிட்நைட்' விரிவாக்கத்தோடு ஒருவழியாகக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பழைய கில்டின், அதாவது கேமில் சேர்ந்து ஆடும் கூட்டத்தின், வாட்ஸ்அப் குழுவில் இப்போது இதே சண்டைதான். பாதிப் பேருக்குக் கொண்டாட்டம். மீதிப் பேர், "சோபாவை நகர்த்தி நகர்த்தி வைக்கவா மாதச் சந்தா கட்டுகிறோம்? அந்த உழைப்பில் இரண்டு டன்ஜன் செய்திருக்கலாம்" என்கிறார்கள். (டன்ஜன் என்றால் கூட்டமாகப் போய் அரக்கர்களை அடிக்கும் குகை.)

கருத்து எல்லாரிடமும் இருக்கிறது. எந்த கேமானாலும் சரி, அங்கே வீடு வைத்திருந்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

என் பங்கு இது. 2014-ல் இதே கேமில் 'கேரிசன்' வந்தது. ஆளுக்கொரு கோட்டை. சுரங்கம், மூலிகைத் தோட்டம், வேலைக்கு அனுப்ப ஆட்கள் எல்லாம் உள்ளேயே. லாகின் செய்வேன், சுரங்கத்தில் வெட்டுவேன், ஆட்களை அனுப்புவேன், கிளம்பிவிடுவேன். அதற்கு முன் தலைநகரில் ஏலக்கடை வாசலில் நின்று வெட்டிக்கதை பேசுவோம். கேரிசன் வந்தபின் அங்கே போனால் ஈ ஓட்டலாம். எல்லாரும் அவரவர் கோட்டைக்குள். விருப்பப்படி ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாத இடத்தை வீடு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஈசூன் தம்பி:
அண்ணே, நான் ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடுகிறேன். அங்கே வீடு தெருவிலேயே இருக்கும். ஒரு வார்டுக்கு, அதாவது ஒரு பேட்டைக்கு, 60 மனை, அவ்வளவுதான். போகிற வருகிறவர்கள் உங்கள் வாசலைப் பார்க்கலாம், திறந்து வைத்திருந்தால் உள்ளேயும் வரலாம். மனை குறைவு, ஆள் அதிகம். முன்பு ஒரு மனை காலியானால் எப்போது விற்பனைக்குத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அறிவிப்புப் பலகை முன்னால் ஒரு கூட்டம் நின்று விடிய விடிய கிளிக் செய்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில்தான் குலுக்கல் வந்தது. ஐந்து நாள் பெயர் கொடுக்கலாம், அடுத்த நான்கு நாளில் முடிவு.

அந்தச் சமயத்தில் நானும் எனக்கு நிச்சயித்த பெண்ணும் சிங்கப்பூரில் அரசு புதிதாகக் கட்டித்தரும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோம். ஒரு ராத்திரி கேமில் என் எண் விழுந்ததும் "கிடைச்சிருச்சு!" என்று கத்திவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "எங்கடா, தெங்காவா?" என்றார். "ஷிரோகானே" என்றேன், அது கேமில் இருக்கும் பகுதி. "அது எந்த எம்ஆர்டி ஸ்டேஷன்கிட்ட?" அப்பாவுக்கு ஃபோன் போடுவதற்குள் நிறுத்திவிட்டேன். அம்மா அன்று என்னோடு பேசவில்லை.

பக்கத்து மனைக்காரர் ஜப்பானியர். வீட்டையே ராமென் கடையாக மாற்றி வைத்திருந்தார், கல்லாப்பெட்டி உட்பட. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. கேமிலேயே இருக்கும் தானியங்கி மொழிபெயர்ப்புச் சொற்களை வைத்து 'நன்றி', 'நல்வரவு' என்று ஓட்டினோம். நான் குடிவந்ததும் தோட்டத்தில் நட விதை கொடுத்தார். வீட்டில் செய்தி எழுதும் புத்தகம் வைத்திருக்கிறேன், இன்றும் வாரத்துக்கு ஒருமுறையாவது அதில் ஏதாவது கிறுக்கிவிட்டுப் போவார். அந்த கேமில் நான் எத்தனையோ பாஸ்களை, பெரிய பெரிய வில்லன்களை, அடித்திருக்கிறேன், பெயர் நினைவில்லை. அவர் பெயர் நினைவிருக்கிறது.

உட்லண்ட்ஸ் அக்கா:
எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும் என்று யார் சொன்னது? நான் ஆஸ்பத்திரியில் தாதி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் மனிதக் குரலே வேண்டாம் என்றிருக்கும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2017-ல் வீடு வந்தது. குலுக்கல் கிடையாது, இடப் பற்றாக்குறை கிடையாது. தங்கம் சேர்த்தால் வீடு உங்களுடையது. சில பெரிய மாளிகைகளைக் நிஜக் காசு கொடுத்து வாங்கும் கிரௌன் என்ற கேம் நாணயத்துக்குத்தான் விற்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போவதில்லை, போகவும் மாட்டேன்.

பொருளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், காற்றில் மிதக்கவிடலாம், சாய்க்கலாம். ஒரு தீபாவளிக்கு முற்றத்தில் மெழுகுவர்த்திகளை வரிசையாக வைத்துச் சிக்குக் கோலம் போட்டேன். பொருள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதனால் வரவேற்பறையைக் காலி செய்யவேண்டியதாயிற்று. கேமரா மேலே போனால் கோலம் முழுதாகத் தெரியும். யாரும் தெருவில் நடந்து வந்து பார்க்கப்போவதில்லை, உண்மைதான். கில்டில் சொன்னேன், இரண்டு மூன்று பேர் வந்து பார்த்தார்கள், போனார்கள். எனக்கு அது போதும்.

தேக்கா பழசு:
ராக்னராக் கேமில் எங்களுக்கு ஏது வீடு? அதன் தலைநகர் பிரான்டேராவின் நடைபாதைதான். வியாபாரி கேரக்டரைக் கடை போட்டு உட்கார வைத்துவிட்டு கேம் ஆட வாடகைக்குக் கம்ப்யூட்டர் தரும் லேன் கடையில் பக்கத்து சீட்காரனோடு மீ கோரெங் சாப்பிடுவோம். அத்தனை நண்பர்களும் அந்த நடைபாதையில் கிடைத்தவர்கள்தான். வீடு கொடுத்திருந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்போம்.

ஜூரோங் பெரியவர்:
தம்பிகளா, அல்டிமா ஆன்லைன் தெரியுமா? 1997. வீடு திறந்த உலகத்திலேயே நிற்கும். காட்டில் மரமில்லாத இடம் கண்ணில் பட்டால் போதும், அங்கே ஏற்கெனவே ஒருவர் வீடு இருக்கும். இடத்துக்கு அவ்வளவு அடிதடி. இபேயில் நிஜப் பணத்துக்கு வீடு விற்றார்கள், வாங்கவும் ஆள் இருந்தது. உரிமையாளர் வராமல் போனால் வீடு மெல்லச் சிதிலமாகும், கடைசி நிலையில் 'விழப்போகிறது' என்று காட்டும். அதைப் பார்த்தால் ஊரே வந்து சுற்றி நிற்கும். விழுந்ததும் உள்ளே இருந்த பொருளையெல்லாம் அள்ளுவதற்கு! நானும் நின்றிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள், மணிக்கணக்கில் நின்றபடி பேச்சு. வீடு விழுந்த அடுத்த நொடி கத்தியை எடுத்துவிடுவார்கள். அந்த இரவுகள் போல அப்புறம் எந்த கேமிலும் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் இடத்திலிருந்து யோசித்தால், கொடுமைதான்.

பொங்கோல்:
பெரியவர் சொன்னதற்குத் தலைகீழான கதை என்னிடம் இருக்கிறது. ஈசூன் தம்பி ஆடுகிற அதே கேம். 45 நாள் வீட்டுக்காரர் உள்ளே நுழையாவிட்டால் வீடு இடிக்கப்படும். (2020 கொரோனா நேரத்தில் இதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள்.) ஆனால் அது 'ஃப்ரீ கம்பெனி' வீடாக இருந்தால், அதாவது கில்ட் வீடாக இருந்தால், உறுப்பினர் ஒருவர் நுழைந்தாலே கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நாங்கள் பாலிடெக்னிக் கூட்டாளிகள். வீடு வாங்கிய கொஞ்ச நாளிலேயே பையன்களுக்கு வரிசையாகக் கட்டாய தேசிய சேவைக் கடிதம் வந்தது. ஒருத்தன் தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில், ஒருத்தன் காவல்துறையில், ஒருத்தன் குடிமைத் தற்காப்பில். வார இறுதியில் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வருகிறவன் கேம் வீட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டுத் தூங்கப் போவான். பயிற்சிக்கு வெளிநாடு போன நேரத்தில் பெர்த்தில் படித்துக்கொண்டிருந்த தோழி பார்த்துக்கொண்டாள். வருகிறவர்கள் சும்மா வரமாட்டார்கள். ஒருத்தன் வரவேற்பறை நடுவில் குளியல்தொட்டியை வைத்துவிட்டுப் போவான். அடுத்தவன் அதை எடுக்காமல் சுற்றி நாற்காலி போடுவான். சண்டை எல்லாம் குழுவில் குரல் பதிவாக வரும். இரண்டு வருடம் நாங்கள் ஒன்றாக டன்ஜன் போனதே அபூர்வம். குளியல்தொட்டியை வைத்துத்தான் பேச்சே நடந்தது.

சேவை முடிந்து எல்லாருக்கும் ஓஆர்டி ஆயிற்று, இப்போது பாதிப் பேர் ஆடுவதே இல்லை. ஆனாலும் நான் சந்தாவை நிறுத்தவில்லை. என் மனைவி அதை 'வாடகை' என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார், எனக்கு எரிச்சலும் இல்லாமல் இல்லை. விளையாடாத கேமுக்கு மாதாமாதம் பணம் கட்ட வைப்பதற்கு இதைவிட நல்ல வழி ஒரு கம்பெனிக்குக் கிடைக்குமா?

கிளமெண்டி:
நான் ஒரு கேமில் நிஜக் காசுக்கு மேசை, அலமாரி, மீன் தொட்டி எல்லாம் வாங்கினேன். பெயர் வேண்டாம். சர்வரை மூடிவிட்டார்கள். மீன் தொட்டியும் போச்சு.

செங்காங்வாசி:
கிளமெண்டி, வருத்தம்தான், ஆனால் சிரித்துவிட்டேன்.

பொங்கோல் சொன்ன வாடகை விஷயம்தான் எனக்கும் உறுத்தல். வார்கிராஃப்ட்காரர்கள் இந்த முறை குலுக்கல் இல்லை, அதிக விலை இல்லை, வராவிட்டால் பறிக்கவும் மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில் ஏறக்குறைய 50 வீடுகள் கொண்ட குடியிருப்புகளாகத் தெருவும் வைத்திருக்கிறார்கள். வராத ஆளின் வீடு இருட்டாகவே கிடக்கும் தெரு எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும். இடிக்கிற பயம் இருந்ததால்தானே குளியல்தொட்டி கதையே நடந்தது?

உட்லண்ட்ஸ் அக்கா:
பயமுறுத்தினால்தான் கூட்டாளி வருவான் என்றால் அவன் என்ன கூட்டாளி! எனக்கு இருட்டு வீட்டுத் தெரு சம்மதம்.

செங்காங்வாசி:
அக்காவுக்கு ஓரத்து மனை! வார்கிராஃப்டில் நாங்கள் கூட்டணி (அலையன்ஸ்) அணி, அந்த அணியின் குடியிருப்புப் பகுதியான ஃபவுண்டர்ஸ் பாயிண்டில் கில்ட் குடியிருப்பு தொடங்குகிறோம். சேர விருப்பமுள்ளவர்கள் கேரக்டர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தேக்கா பழசு, உங்களுக்கு வீடு வேண்டாமென்றால் பொதுச் சதுக்கத்தில் நடைபாதை இருக்கிறது.

தேக்கா பழசு:
கடை போட விடுவீர்களா?