ஸ்லோ பர்னுக்குத் தமிழ்: ‘கனிகாதல்’, நடுவில் ‘க்’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்லோ பர்ன் காதல் கதைக்கு, அதாவது காதல் சட்டென்று வராமல் மெல்ல மெல்ல வளரும் கதைக்கு, நம் சொல்லாக்கக் குழுவில் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்தவை மெல்லெரிகாதல், நீறுபூத்த காதல், உமித்தீக் காதல். மூன்றிலும் நெருப்பு இருக்கிறது, ஆனால் அது காதலின் நெருப்பாகப் படவில்லை. தமிழில் ‘எரி’ என்றதும் எரிச்சலும் வயிற்றெரிச்சலும்தான் முன்னால் வந்து நிற்கும். நீறுபூத்த நெருப்பு என்று பகையையும் கோபத்தையும்தான் சொல்கிறோம். உமித்தீ அழகான சொல், ஆனால் அது ஆளை உள்ளேயே தின்றுவிடும், நான் சப்டைட்டில் எழுதும் கதையில் யாரும் அப்படிக் கருகுவதில்லை.

எந்தக் கதைக்கு என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தாய்லாந்தில் ‘ஒய்’ தொடர் என்று ஒரு வகையே இருக்கிறது (யாவோய் என்ற ஜப்பானியச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் முதலெழுத்து அது), இரண்டு ஆண்களுக்கிடையே வரும் காதலைச் சொல்பவை, பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் நடப்பவை. அப்படி ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலாண்டு பொறியியல் மாணவன் ஒருவன், அவன் அறைத்தோழன், அப்புறம் அவனுடைய எண்வரிசை சீனியர். அங்கே புதிதாகச் சேருபவனின் மாணவர் எண்ணும் மேலாண்டு மாணவர் ஒருவரின் எண்ணும் ஒன்றுபோல முடிந்தால், அந்த மேலாண்டு மாணவர் இவனுக்குப் பொறுப்பு. பழைய நோட்டு கொடுப்பார், சாப்பாடு வாங்கித் தருவார். கதைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவர் இன்னும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். கொட்டாங்கச்சிக் கரியைப் பற்றவைத்து, அட்டையால் விசிறி விசிறி, கறுப்பு ஓரத்தில் மட்டும் சிவந்து, பிறகு உள்ளே இறங்கி, முழுக்கச் சிவந்ததும் “கனிஞ்சிருச்சு” என்று பெட்டியை மூடுவார். பழத்துக்கும் அதே சொல், கரிக்கும் அதே சொல், மனசுக்கும் அதே சொல். ஆங்கிலச் சொல்லில் இருக்கும் அந்த மெதுவான நெருப்பு நம்மிடம் ‘கனி’யிலேயே இருக்கும்போது ‘எரி’யைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: கனிகாதல்.

ஊறுகாய், சுடுசோறு, வளர்பிறை மாதிரி இது வினைத்தொகை. கனிந்த காதல், கனிகின்ற காதல், கனியும் காதல் மூன்றும் ஒன்றாக அடங்கும். எப்போது தொடங்கியது என்று அந்த இரண்டு பேருக்கே தெரியாத காதலுக்குக் காலம் காட்டாத தொகை எவ்வளவு பொருத்தம்! வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதனால் ஊறுக்காய் என்று எழுதாததுபோல இங்கேயும் ‘க்’ போடாதீர்கள். கனிக்காதல் என்றால் மாம்பழத்தின்மேல் காதல் என்றாகிவிடும்.

இந்தத் தொடரில் காதல் கனிவது விளிப்பில்தான் தெரிகிறது. தாய் மொழியில் நெருங்கிய நண்பர்கள் ‘கூ’, ‘முங்’ என்று நம் வாடா போடாவைவிடக் கரடுமுரடாகப் பேசிக்கொள்வார்கள். அறைத்தோழன் ஏழு பகுதிகள் அப்படியே பேசுகிறான். எட்டாவதில், மழையில் நனைந்து வந்தவனுக்குத் துண்டை நீட்டும்போது முதல்முறையாக அந்தச் சொற்களை விட்டுவிட்டு மென்மையாகக் கேட்கிறான். நான் ஏழு பகுதிகளிலும் “சாப்டியாடா” என்று எழுதிவிட்டு, அந்த இடத்தில் “சாப்டியா” என்று மட்டும் எழுதினேன். ஒரு ‘டா’ போனது, அவ்வளவுதான். அதற்கு நாலு நாள் யோசித்தேன்.

சீனியரை முதலாண்டு மாணவன் கூப்பிடும் சொல் அண்ணன், அக்கா இருவருக்கும் பொதுவான உறவுச்சொல், அங்கே காதலனையும் அப்படியே கூப்பிடலாம். தமிழில் ‘அண்ணா’ என்று போட்டால் காதல் அந்த வரியோடு செத்துவிடும். அதனால் நம் கல்லூரிகளில் கூப்பிடுவதுபோல ‘சீனியர்’ என்றே விட்டேன்.

‘முக்கோணக் காதல்’ என்ற சொல்லுக்கும் மாற்று வேண்டும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் என்பதே என் கருத்து. வழக்கமான சினிமாவில் இரண்டு பேர் ஒருத்தியைக் காதலிப்பார்கள், அவர்களுக்குள் போட்டி மட்டும்தான், மூன்றாவது பக்கத்தில் காதல் கிடையாது. அது உண்மையில் கவட்டை வடிவம். இங்கே மூவரும் ஆண்களை விரும்பும் ஆண்கள். சீனியருக்கும் அறைத்தோழனுக்கும் இடையிலும் ஏதோ அரும்புகிறது. இந்தக் கதையில்தான் முக்கோணம் முழுசாகவே மூடுகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இழையில் இரண்டு பேர் ‘ஓரினச்சேர்க்கைக் கதை’ என்று எழுதியிருந்தீர்கள். பதினோரு பகுதிகள் கை கூடப் பிடிக்காத பையன்களின் கதையில் ‘சேர்க்கை’ எங்கே வந்தது? அந்தச் சொல் மனிதரின் மனசை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பார்க்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றை ஒட்டி, இப்படிப்பட்ட சொற்களுக்கு மாற்றாக மரியாதையான சொற்களைத் தொகுத்து 2022இல் தமிழ்நாடு அரசே அரசிதழில் வெளியிட்டது. நாம் சொல்லாக்கம் செய்பவர்கள், நாமே பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தன்பாலீர்ப்பு என்று எழுதுவோம். ஈர்ப்புதானே இந்தக் கதை முழுக்க நடக்கிறது.

திகில் கதைக்கும் ஸ்லோ பர்ன் என்கிறார்களே என்றால், அதற்குக் கனிகாதல் உதவாது, தனியாகப் பேசுவோம். இதற்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். கடைசிப் பகுதியின் வரிகளை அன்று இரவு அனுப்ப வேண்டும்.