புதுப்பிப்பு: அந்தப் பாலைவன இசைவிழாவுக்குப் போய் வந்த கதை

லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது, நண்பர்கள் கோச்செல்லா இசைவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். "காசைக் கரியாக்காதே" என்றுதான் பலர் சொன்னீர்கள். போய்விட்டேன். இப்போது விடுப்பில் ராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் ஊரான மண்டபத்துக்கு வந்து, வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன்.

விழா நடப்பது இந்தியோ என்ற ஊரில், காரில் சுமார் 200 கிலோமீட்டர். பாலைவனம் என்றதும் தனுஷ்கோடி மாதிரி மணல்வெளியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். போனால் போலோ மைதானம், காலடியில் பச்சைப்புல்! ஆனால் காற்று அடித்தால் புழுதிதான். நம்ம ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் மணல் தோலில் ஒட்டும். அங்கே வேர்ப்பதே தெரியாது, உதடு வெடிக்கும், மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை பழுப்பாகிவிடும்.

பாட்டெல்லாம் பிரமாதம், சரி. இரண்டாம் நாள் ராத்திரி கூட்டத்தில் சிக்னல் போய், நண்பர்களைத் தொலைத்துவிட்டேன். பகலில் கொளுத்திய ஊர் ராத்திரியில் குளிரெடுத்தது. அரைக்கை சட்டையோடு ராட்டினத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். போகிறவர்கள் சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள், ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டு கடன் ஜூலையில்தான் அடைந்தது. வருத்தமில்லை, லாஸ் ஏஞ்சல்ஸில் எனக்கு நாலு நண்பர்கள் என்று சொல்ல முடிவது அதற்கப்புறம்தான்.

நெத்திலி காயப்போட்டுக்கொண்டே கேட்ட அம்மா மட்டும், "புழுதி திங்க அம்புட்டுத் தூரமா? ஏர்வாடி சந்தனக்கூடுக்குப் போயிருக்கலாம்ல" என்றார்.