புதுப்பிப்பு: டெக்சஸ் ஸ்பீடிங் டிக்கெட், முனிசிபல் கோர்ட்

டிரைவிங் சேஃப்டி கோர்ஸ் முடித்து டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யலாம் என்று முன்பு எழுதியதில் விட்டுப்போனவை இவை.

அவசரப்பட்டு ஆன்லைனில் அபராதம் கட்டிவிடாதீர்கள். குற்றம் பதிவாகி, இந்த வழியே அடைபட்டுவிடும். டிக்கெட்டில் உள்ள தேதிக்குள் 'நோ கான்டெஸ்ட்' (குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், எதிர்த்து வாதாடவும் இல்லை என்ற பதில்) எழுதிக்கொடுத்து, கோர்ஸுக்கு அனுமதி கேளுங்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ் நகல் சேர்க்கவும். கோர்ட் கட்டணம் எப்படியும் உண்டு.

அனுமதி கிடைத்த பிறகு, கோர்ஸை முடித்துச் சான்றுகளைக் கோர்ட்டில் கொடுக்க 90 நாள். பலர் சறுக்குவது இங்கேதான். சர்டிபிகேட் மட்டும் போதாது, டி.பி.எஸ். (லைசென்ஸ் வழங்கும் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை) தரும் டிரைவிங் ரெக்கார்டும் வேண்டும், அதுவும் '3ஏ' வகை. சர்டிபிகேட்டில் இரண்டு பிரதி வரும். 'கோர்ட்' என்று அச்சிட்டதைக் கொடுங்கள், மற்றது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு.

வேக வரம்பை 25 மைலோ அதற்கு மேலோ தாண்டியிருந்தால், அல்லது கமர்ஷியல் லைசென்ஸ் வைத்திருந்தால், கோர்ஸ் கேட்டுப் பயனில்லை.