புதுப்பிப்பு: மஞ்சள் பச்சையாக வந்த பிரச்சினை தீர்ந்தது

ராயப்பேட்டையில் எங்கள் கடையிலுள்ள ஈக்கோ சால்வென்ட் மெஷினில் (பேனர், ஸ்டிக்கர் அடிக்கும் பெரிய இங்க்ஜெட் பிரிண்டர்) காலையில் முதல் பிரிண்ட் போட்டால் மஞ்சள் பச்சையாக வருகிறது, கொஞ்சம் ஓடியதும் தானே தெளிகிறது என்று கேட்டிருந்தேன். ஹெட் (மையைத் தெளிக்கும் பாகம்) போயிருக்கும், மாற்றிவிடுங்கள் என்றுதான் பலர் சொன்னீர்கள். ஹெட் நன்றாகவே இருக்கிறது.

ஓடும்போது தெளிந்து, சும்மா நிற்கும்போது கெடுகிறதே, அதுதான் துப்பு. மெஷின் நிற்கும்போது ஹெட்டை மூடிவைக்கும் கேப்பிங் ஸ்டேஷனைப் பார்த்தோம். கிளீனிங் முடிந்த பிறகும் அதிலுள்ள கேப் (மூடி) நிறைய கறுப்பும் நீலமுமாக மை தேங்கி நின்றது. அதை இழுத்து வெளியேற்ற வேண்டிய பம்ப் உறிஞ்சவே இல்லை. ராத்திரி முழுக்க ஹெட் அந்தக் குட்டையிலேயே கிடக்கிறது. டேம்பர் (ஹெட்டுக்கு மை போகும் வழியிலுள்ள சிறு மை அறை) லேசாகக் காற்று வாங்கினால் போதும், ஹெட்டிலுள்ள மை பின்வாங்கி, கேப்பிலுள்ள கலவை ஹெட்டின் நுண்துளையான நாஸிலுக்குள் ஏறிவிடும். எல்லா நிறத்திலும் ஏறலாம், ஆனால் வெளிர் நிறமான மஞ்சள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பம்ப் டியூபைக் கழற்றினால் உள்ளே காய்ந்த மை கெட்டியாக அடைத்திருந்தது. டியூப், கேப், மஞ்சள் டேம்பர் மூன்றையும் மாற்றி, ஹெட்டைத் துடைக்கும் வைப்பரையும் சுத்தம் செய்துவிட்டோம். இப்போது காலை நாஸில் செக்கில் (நாஸில்கள் சரியாக அடிக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை பிரிண்ட்) மஞ்சள் கோடு பளிச்சென்று விழுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

இதே தொல்லை உள்ளவர்கள் ஹெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், கேப்பில் கொஞ்சம் கிளீனிங் சொல்யூஷன் விட்டு பம்பை ஓட்டிப் பாருங்கள். மளமளவென்று இழுக்க வேண்டும். மஞ்சள் டேங்கிலேயே நிறம் மாறியிருந்தால் மட்டும் கதை வேறு: யாரோ மையை மாற்றி ஊற்றியிருக்கிறார்கள், மை வரும் லைன் முழுவதையும் கழுவாமல் தீராது.