ஆலயத்துக்குப் பின்னால் 12 சென்ட்: இயற்கைக் காய்கறித் தோட்டத்தை எப்படித் தொடங்குவது?

செம்மண்பாத்தி:
திண்டுக்கல் பக்கம் எங்கள் பங்கு ஆலயத்துக்குப் பின்னால் 12 சென்ட் செம்மண் சும்மா கிடக்கிறது. கிழக்கே ஆலயச் சுவர், தெற்கு மூலையில் பெரிய வேம்பு. திருவிழா சமயத்தில் மட்டும் வண்டி நிறுத்துவார்கள். போர் உண்டு, தண்ணீர் லேசாக உப்பு. ஏழு அன்பியங்களும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) சேர்ந்து மருந்தடிக்காமல் காய்கறி போட ஆசைப்படுகிறோம். பங்குத்தந்தையும் சரி என்றுவிட்டார். இப்போது வைகாசி, ஆடிப்பட்டத்தில் விதைக்கத் திட்டம். மொத்தத்தையும் டிராக்டர் விட்டு உழுதுவிடலாமா? ஆளுக்கொரு பாத்தியா, எல்லாம் பொதுவா? போர்த் தண்ணீருக்கு என்ன செய்வது?

வரப்போரம்:
உழுவதற்கு முன் காகிதம். நிலம் மறைமாவட்டச் சொத்து, பங்குத்தந்தை மாறுதலில் போகிறவர். அடுத்து வருபவர் அங்கே கொட்டகை போட நினைத்தால் வாய்ச் சம்மதம் நிற்காது. பங்குப் பேரவையில் தீர்மானமாக எழுதி, குறைந்தது மூன்று வருடம் என்று குறித்து, பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். போர் மோட்டார் கரண்டுக்கு யார் பணம் கட்டுவது, திருவிழா வண்டிகள் எங்கே நிற்கும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். சண்டை வருவது இந்த இரண்டில்தான்.

அடுத்தது மண். ஆலய வளாகம் என்றாலே எப்போதோ இடித்த சுண்ணாம்புக் காரை, சிமென்ட் எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். அந்த மண்ணில் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை, எவ்வளவு எரு போட்டாலும் சட்டென்று சரியாகாது. அந்த மூலையை விட்டுவிடுவதே மேல்.

ஆலயச் சுவரிலிருந்து எட்டடி தள்ளித்தான் முதல் பாத்தி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அஸ்திவாரத்தைச் சுற்றிக் கரையான் மருந்து ஊற்றியிருக்கலாம். குறிப்பாகக் கீரையை அங்கே போடாதீர்கள். வேம்பின் நிழல் விழும் இடமும் காய்க்கு ஆகாது, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

மண் பரிசோதனைக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நிழலில் உலர்த்தி அரை கிலோவைப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரையும் ஒரு லிட்டர் கூடவே கொடுத்துவிடுங்கள்.

ஆடிக்காற்று:
12 சென்ட்டையும் ஒரே வீச்சில் தொடாதீர்கள். நான்கு சென்ட் போதும். மீதியைக் களை விதை கட்டாமல் அறுத்து விட்டாலே அது மூடாக்குக்கு, அதாவது பாத்தி மண்ணை மூடிப் பரப்ப, ஆகும்.

ரோட்டாவேட்டர் கூடவே கூடாது. கோரையோ அருகோ இருந்தால் கிழங்கையும் தண்டையும் துண்டு துண்டாக்கி நிலம் முழுக்க நட்டு வைத்துவிடும். மண்வெட்டியால் கொத்திக் கையால் பொறுக்குங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

இந்த வாரமே பலதானியம் விதையுங்கள். ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ கணக்கில் நான்கு சென்ட்டுக்கு ஒரு கிலோ: சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கடுகு, கொத்தமல்லி, சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாம் கலந்து. 45 முதல் 50 நாளில் பூக்கும்போது மடக்கி மண்ணில் சேர்த்து இரண்டு வாரம் மட்க விட்டால் ஆடி கடைசிக்குச் சரியாக வரும். முற்ற விட்டால் தண்டு நாராகி மட்காது. மட்குவதற்குள் விதைத்தாலும் முளை வெளுத்து நிற்கும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாள் ஆவதால், ஆனி கடைசியில் நாற்றங்கால் தனியாகப் போட்டுவிடுங்கள்.

நான்கு சென்ட்டில் 25 அடி நீளம், நான்கடி அகலத்தில் பத்துப் பாத்தி வரும், நடுவே ஒன்றரையடி நடைபாதை. நான்கடிக்கு மேல் போனால் கை எட்டாமல் பாத்தியை மிதிப்பார்கள், போட்ட உழைப்பு அத்தனையும் இறுகிப்போகும். ஐப்பசி மழையை நினைத்துப் பாத்தியை முக்காலடி உயர்த்துங்கள்.

அடியுரமாக நான்கு சென்ட்டுக்கு 400 கிலோ மக்கிய தொழு உரம், நான்கு கிலோ வேப்பம்புண்ணாக்கு. எருவைக் கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது, மண்வாசனைதான் வரவேண்டும். பச்சைச் சாணம் கரையானையும் வேர்ப்புழுவையும் கூட்டி வரும்.

மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்க ஜீவாமிர்தக் கரைசல்: 20 லிட்டருக்குச் சாணம் ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், ஒரு பிடி வரப்பு மண். நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கினால் 48 மணி நேரத்தில் தயார். மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும் ஊற்றவும்.

செம்மண்பாத்தி:
நன்றி. பாத்திப் பங்கீடும் தண்ணீரும் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

சொட்டுநீர்:
எல்லாம் பொது என்றால் யாரும் வரமாட்டார்கள். எல்லாம் தனி என்றால் ஒரு அன்பியத்தின் களையும் பூச்சியும் அடுத்த பாத்திக்குப் போகும். ஏழு பாத்தியை அன்பியத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். மூன்று பொது: ஒன்று நாற்றங்கால், இரண்டு கீரை. தண்ணீர், எரு, கரைசல் எல்லாம் பொதுக் கணக்கு. வால்வைத் திறந்து மூடும் பொறுப்பு மாதத்துக்கு ஒரே ஆள். முறை போட்டு ஏழு பேர் மாறி மாறி ஊற்றினால் ஒருநாள் இரண்டு முறை பாயும், மறுநாள் காயும். விதைத்த முதல் பத்து நாளில் இப்படி நடந்தால் முளைப்பு பாதிக்குப் பாதிதான்.

பாத்திப் பரப்பு ஆயிரம் சதுர அடி. நல்ல வெயிலில் நாளுக்கு 400 முதல் 500 லிட்டர் வேண்டும். 500 லிட்டர் தொட்டியை ஆறடி மேடையில் ஏற்றி, பாத்திக்கு இரண்டு வரிசையாக 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். அழுத்தம் சரிசெய்யும் வகைச் சொட்டுவான் வேண்டாம், அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அது சரியாக வேலை செய்யாது. சாதாரண வகையும் ஒரு வடிகட்டியும் போதும். உப்புத் தண்ணீர் ஆதலால் துளையில் வெள்ளையாகப் பூக்கும். குழாயின் கடைசி மூடியைக் கழற்றி வாரம் ஒருமுறை கழுவி விடுங்கள்.

முதல் பட்டத்துக்குக் கொத்தவரை, வெண்டை, கீரை. கொத்தவரை உப்பைத் தாங்கும். சின்ன வெங்காயம் தாங்காது, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை தள்ளிப் போடுங்கள். கீரை 25 நாளில் கைக்கு வந்துவிடும், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருபவர்கள் கையில் ஒரு கட்டு இருந்தால் அடுத்த வாரம் ஆள் கூடும்.

வேர்முடிச்சு:
பூச்சிக்கு என் பங்கு. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நச்சுயிரி, எந்தக் கரைசலுக்கும் திரும்பாது. செடியை அன்றே பிடுங்குங்கள். முன்கூட்டியே மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, வாரம் ஒருமுறை பத்து லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெய் மாலையில் தெளிக்கலாம். காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை முதலில் அடித்துக் கலக்காவிட்டால் மேலே மிதந்து கடைசித் தெளிப்பில் மொத்தமாக விழுந்து இலையைச் சுட்டுவிடும்.

கத்தரியில் நுனித்தண்டு தலை சாய்ந்தால் உள்ளே புழு. ஒரு சாண் கீழே கிள்ளி எரிக்கவேண்டும். கிள்ளியதை வரப்பில் போட்டால் புழு வெளியே வந்துவிடும்.

வேலியில் பீர்க்கு, புடலை ஏற்றினால் பழ ஈ வரும். கடையில் பொறியில் வைக்க, மாம்பழ ஈயை இழுக்கும் மீத்தைல் யூஜினால் கவர்ச்சிப் பொருளைக் கொடுத்துவிடுவார்கள், கொடிக்காய் ஈ அதற்கு வராது. கியூலூர் என்று கேட்டு வாங்குங்கள்.