"நாலு மாசமா வரலை, நல்லதுதானே அக்கா?"

செந்தூல்காரி:

போன ஞாயிறு கோலாலம்பூர் புக்கிட் அமான் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை ஒருத்தி, "எனக்கு நாலு மாசமா வரலை, நல்லதுதானே அக்கா? ரேஸ் அன்னிக்குத் தொல்லை இல்ல" என்று சிரித்தாள். மாதவிலக்கைத்தான் சொன்னாள். நானும் சும்மா சிரித்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், அவளைவிடச் சந்தோஷமாக.

அப்போது முதல் முழு மாரத்தானுக்குப் பயிற்சி. வாரம் 60 கிலோமீட்டர். நாலரைக்கு எழுந்து சீனி போடாத கறுப்புக் காப்பி ஒன்று, தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓட்டம், எட்டரைக்கு ஆபீஸ். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட். மதியம் வாழையிலைக் கடையில் சோற்றைப் பாதியாக்கிவிடுவேன், அப்பளத்தைத் தொடமாட்டேன். இராத்திரி ஒரு சப்பாத்தி. கூட ஓடுபவர்கள் "ஒரு கிலோ குறைஞ்சா டைம் தானா இறங்கும்" என்று சொல்லச் சொல்ல, 54 கிலோ 47 ஆனது. டைம் உண்மையிலேயே இறங்கியது, அதுதான் வினை. ஒரு கல்யாணத்தில் அத்தைமார் எல்லாரும் "எப்படிடி இளைச்ச?" என்று இடுப்பைப் பிடித்துப் பார்த்தார்கள். பெருமை தாங்கவில்லை.

கண்டுபிடித்தது அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் நின்றுகொண்டு, "நீ சாமி ரூமுக்கு வராம ஒதுங்கி இருந்து எத்தனை மாசம் ஆச்சுன்னு நினைப்பிருக்கா?" என்றார். எனக்கு நினைப்பில்லை. அவர் எண்ணி வைத்திருந்தார்: பொங்கலுக்கு அப்புறம் ஒரு வெள்ளிகூட நான் தவறவில்லை. வீட்டில் உடனே வேறு மாதிரி நினைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பார்மசிக்கு ஓடிய வேகத்தைப் பார்த்திருந்தால் அவரையும் மாரத்தானில் சேர்த்திருப்பீர்கள். சோதித்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. "ஓடுறவங்களுக்கு இப்படித்தான் ஆகும்" என்று நானே சொல்லி முடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் இடது முழங்கால் கீழே, முன் எலும்பில், ஒரு விரல் வைக்கிற அளவு இடத்தில் வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது, அப்புறம் படி இறங்கும்போது, கடைசியில் படுத்திருக்கும்போதும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் எலும்பில் அழுத்தக் கீறல் என்றார்கள். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? கடைசியாக எப்போது வந்தது? கால்வலிக்கு வந்தவளிடம் இதை ஏன் கேட்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உணவு ஆலோசகர் அம்மா ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஒரு தாளின் பின்பக்கம் போட்ட கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். என் எடை 47, அதில் கொழுப்பு 8 கிலோ போல, மிச்சம் 39. நான் சாப்பிடுவது சுமார் 1,400 கலோரி. 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 470 போய்விடும். மீதி 930. அதை 39 ஆல் வகுத்தால் கிலோவுக்கு 24. பெண் உடம்பு ஒழுங்காக நடக்க 45 போல வேண்டுமாம். 30-க்குக் கீழே நாள் கணக்கில் இருந்தால் மூளை முதலில் மாதவிலக்கை நிறுத்தும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், எலும்பு தேயத் தொடங்கும். எல்லார் உடம்புக்கும் அந்தக் கோடு ஒரே இடத்தில் இருக்காது என்றும் சொன்னார். முன்பு இதைப் பெண் வீராங்கனைகளின் மூன்று கோளாறு என்றுதான் பேசுவார்களாம். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்' (ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாட்டுச் சக்தி உடம்புக்குப் போதாமல் போவது) என்று விரிவாகப் பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அவர் அடுத்துச் சொன்னது: "நீங்க பட்டினி கிடக்கல. மூணு வேளையும் சாப்பிட்டிருக்கீங்க. ஓடாத பொண்ணு சாப்பிடற அளவு சாப்பிட்டிருக்கீங்க, அதுவும் கொஞ்சம் குறைச்சு." வேகமாக ஓடி முடித்ததும் பசி அடங்கியே கிடக்கும். அதை நம்பித்தான் நான் காலைச் சாப்பாட்டை விட்டேன்.

எட்டு வாரம் ஓட்டம் இல்லை. கர்ப்பத்தடை மாத்திரை போட்டால் வந்துவிடுமே என்று கேட்டேன். அப்படி வருவது மாத்திரையால் வருகிற இரத்தம், உடம்பு சரியானதற்கு அடையாளம் இல்லை, எலும்புக்கும் அது மருந்தில்லை என்றார் டாக்டர். அதனால் சாப்பிட்டேன். கிளம்பும் முன் பீசாங் மாஸ் வாழைப்பழம் இரண்டு. வந்ததும் குளிப்பதற்கு முன்பே, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், பால் ஊற்றிய மைலோவும் இரண்டு முட்டையும். மதியம் முழுச் சோறு, அப்பளம் உட்பட. நாலு கிலோ ஏறியது. ஏழாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னிக்கு நீங்களே விளக்கேத்துங்கம்மா" என்றேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு இராத்திரி வடை சுட்டார்.

முழு மாரத்தான் மறு வருடம் முடித்தேன். 47 கிலோவில் ஓடிய அரை மாரத்தான் டைமை இன்னும் உடைக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தே தாரிக் பைத்தியம் (பிரிக்பீல்ட்ஸ்):

எனக்கு மாதவிலக்கு நிற்கவில்லை, மாறாக அதிகம். ஓட்டத்தில் கால் இரும்பாகக் கனக்கும், ஆனால் இரத்தத்தில் இரும்பு இல்லை. புக்கிட் அமான் மேட்டில் வழக்கமாகப் பேசிக்கொண்டே ஏறுகிறவள், பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். கிளினிக்கில் ஹீமோகுளோபின் 12.1. "நார்மல், தூக்கம் போதலை" என்று அனுப்பிவிட்டார்கள். 12-க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை, எண்ணிக்கைப்படி அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆறு வாரம் கழித்து வேறு டாக்டர் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். அது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் அளவு. எனக்கு 9. உலக சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்கிறது.

நான் சைவம். கீரை, பருப்பு, கடலை எல்லாம் தினமும் உண்டு. பிறகு எங்கே போகிறது? தோசையோடு ஒரு தே தாரிக் (ஆற்றி நுரைக்க வைத்த பால் தே), சோற்றுக்கு அப்புறம் ஒரு தே, நாலு மணிக்கு இன்னொன்று. தேயிலையில் இருக்கும் டானின், செடி உணவின் இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தேயை விடு என்றால் நான் ஓட்டத்தையே விட்டிருப்பேன். நல்லவேளை, விடச் சொல்லவில்லை, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொன்னார். கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு கொய்யா ஒரு துண்டு. மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஓட்டம் முடிந்த கையோடு காலையிலேயே. ஓடிச் சில மணி நேரம் கழித்து இரும்பைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடம்பில் ஏறுமாம், அதற்கு முந்திக்கொள்ள வேண்டும்.

கோலாலம்பூர் மாரத்தான் பெரும்பாலும் புரட்டாசியிலேயே வந்து நிற்கிறது. வருடம் முழுக்க மீன், கோழி சாப்பிட்டுவிட்டு அந்த ஒரு மாதம் மட்டும் சோறும் ரசமுமாக ஓட்டுகிற தோழிகள் கவனியுங்கள். மீன் போன இடத்தில் சோயாவில் செய்த தெம்பே, தவ்வு, இல்லை கொண்டைக்கடலை ஏதாவது வர வேண்டும்.

ஒன்று மட்டும்: சோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நம் மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் மரபணு உள்ளவர்கள் நிறைய. அவர்களுக்கு இரத்தம் குறைவாகத் தெரிந்தாலும் காரணம் இரும்பு இல்லாமல் இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர்மலை அடிவாரம் (பினாங்கு):

விரதத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம், ஒரு வேளைச் சோறு, பால்குடம். பதினோரு வருடமாக எடுக்கிறேன். ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் தைப்பூசத்தில், விரதமும் விடவில்லை, ஞாயிறு 18 கிலோமீட்டரும் விடவில்லை. இளைஞர் பூங்காவில் கண் இருட்டி, ஒரு சீனக் கிழவர் பிடித்து உட்கார வைத்து ஹண்ட்ரட் பிளஸ் டின்னைத் திறந்து கையில் கொடுத்தார். விரதம் என்று மலாயில் சொன்னேன். "குடி, அப்புறம் சாமியிடம் நான் பேசுகிறேன்" என்றார்.

பெரியம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். "முருகன் உன்னை விரதம் இருக்கச் சொன்னாரு, சரி. பதினெட்டு கிலோமீட்டர் ஓடச் சொன்னாரா?" என்றார். அவ்வளவுதான் தீர்வு. இப்போது அந்த 48 நாளும் வாரத்துக்கு மூன்று தடவை, அரை மணி நேர மெது ஓட்டம். அதையும் சோற்று வேளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்கிறேன், ஓடி வந்ததும் இலை. பருப்பு இரண்டு கரண்டி கூடுதல், மோர், இராத்திரி பாலும் பழமும் எங்கள் வீட்டு விரதத்தில் உண்டு. டிசம்பர் மாரத்தான் முடிந்து உடம்புக்கும் ஓய்வு தேவைப்படும் சமயம்தான் அது. எங்கள் வீட்டு முறை இது, உங்கள் வீட்டில் வேறாக இருக்கும்.

புதுசு:

அக்காமார்களே, பினாங்குப் பாலத்து மாரத்தான் நடுராத்திரி கழிந்து ஆரம்பிக்கிறதே, எப்போது சாப்பிடுவது? வழியில் தண்ணீர் எவ்வளவு குடிப்பது? எல்லாரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ்:

நான் ஓடிய வருடம் 1.30-க்கு விட்டார்கள். ஏழு மணிக்கு வழக்கமான சோறு, காரம் குறைத்து. புது ஓட்டல், புதுக் கறி எதுவும் வேண்டாம். பதினொன்றரைக்கு காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டி இரண்டு. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஓடும்போது விழுங்குகிற ஜெல் பாக்கெட் ஒன்றில் 20-25 கிராம் இருக்கும், பேரீச்சையிலும் வரும். பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்காமல் அன்றைக்கு மட்டும் விழுங்கினால் பாலத்து நடுவில் கழிவறை தேடுவீர்கள். என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லாரும் "குடி குடி" என்பார்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். முதல் வருடம் வெக்கைக்குப் பயந்து ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு கப், வெறும் தண்ணீர். நாலு மணி நேரத்துக்கு அப்புறம் மோதிரம் விரலை இறுக்கியது, கைகள் பணியாரம் மாதிரி உப்பின. முடித்ததும் தலைவலி, வாந்தி. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடிக்கப் போனேன். மருத்துவக் கூடாரத்துப் பெண்தான் கையைப் பார்த்துவிட்டு பாட்டிலைப் பிடுங்கினாள். இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிட்டது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அந்த ஓட்டத்தில் ஒரு இளம்பெண் இதனாலேயே இறந்தும் போனாள். நம்மைப் போல மெதுவாக, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்குத்தான் குடிக்க நேரம் அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், உப்புள்ள பானத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்து எடை ஏறியிருந்தால் நிறையக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பட்டர்வொர்த் அம்மா:

நான் ஓடுவதில்லை. மகள் ஓடுகிறாள், பள்ளி அணி, 1500 மீட்டரும் குறுக்கோட்டமும். வயது 15. போன வருடம் பயிற்றுநர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, அதைச் சத்தமாக வாசித்தாராம். அன்றிலிருந்து என் பிள்ளை சோற்றைத் தட்டில் பரப்பிப் பரப்பி வைப்பாள், நிறையத் தெரிய வேண்டும் என்று. அம்மாவுக்குத் தெரியாதா?

நான் திட்டவில்லை. அமெரிக்காவில் மேரி கெய்ன் என்ற பெண், பள்ளி வயதிலேயே உலக அளவில் ஓடியவள், 2019-இல் வெளிப்படையாகப் பேசினாளே, அந்த வீடியோவை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். எடையைக் குறை குறை என்று சொல்லிச் சொல்லி, மூன்று வருடம் மாதவிலக்கு இல்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்று அவளே சொல்கிறாள். மகள் பேசாமல் எழுந்து போய்விட்டாள். மறுநாள் எடை மெஷின் அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது. ஏற்றியது நானில்லை.

15 வயதாகியும் ஒரு தடவைகூட வயதுக்கு வராத பிள்ளை என்றால், "ஓடுற பொண்ணு, மெதுவா வரும்" என்று இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு கெட்டியாகிற வயதே இதுதான். என் மகளுக்குக் காலைப் பயிற்சி முடிந்ததும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), நான் கட்டியது, சம்பலில் நெத்திலி தாராளமாக, முழு முட்டை. முதலில் கூட்டாளிகள் சிரித்தார்களாம். இப்போது நாலு பொட்டலம் கேட்கிறாள்.

பயிற்றுநரிடம் போய்ப் பேசினேன். எடை பார்ப்பதை நிறுத்திவிட்டார். கோபமாகத்தான் நிறுத்தினார், இருந்தாலும் நிறுத்தினார்.

செந்தூல்காரி:

பட்டர்வொர்த் அம்மா, சோற்றைப் பரப்புகிற வித்தையை நானும் ஆபீசில் செய்திருக்கிறேன், 33 வயதில்.

கேழ்வரகுக் கூழ் செய்முறையைத் தனியாகக் கேட்டவருக்கு: இராத்திரியே மாவைக் கரைத்து வைத்துவிடுங்கள், காலையில் காய்ச்சி ஆறவிட்டுத் தயிரும் சின்ன வெங்காயமும். சுண்ணாம்புச் சத்து நிறைய. ஓடுவதற்கு முன் வேண்டாம், வயிற்றில் கனமாக நிற்கும்.

அந்தத் தங்கைக்கு இதையெல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஞாயிறு புக்கிட் அமானுக்கு வருவாள். இந்தத் தடவை தோசை நாலு கட்டி எடுத்துப் போகிறேன், இரண்டு எனக்கு.