ஏரிக்கரையில் பனை விதை நடவு: ஊரைக் கூப்பிடும் முன் என்னென்ன பார்க்கணும்?

வடக்குமடை:
வணக்கம். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்து இளைஞர் மன்றத்துக்காகக் கேட்கிறேன். வர்ற புரட்டாசியில ஏரிக்கரையில பனை விதை நடுறதா இருக்கோம். கரை நீளம் ஒரு கிலோமீட்டர். போன வருஷம் பத்தாயிரம் விதைன்னு பேனர் கட்டி நட்டது, தை மாசம் பார்த்தா தரைக்கு மேல ஒண்ணும் இல்ல. "அதான் முளைக்கலையே, திரும்ப எதுக்கு?"ன்னு ஊர்ல கேட்கிறாங்க. அனுமதி யார்கிட்ட வாங்கணும், எத்தனை விதை, எத்தனை பேர் வேணும், நோட்டீஸ்ல என்ன போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரைமேடு:
தை மாதம் மேலே ஒன்றும் தெரியாதுதான். பனை விதை முதலில் கீழ்நோக்கி ஒரு குழாய் மாதிரி முளையை விடும். அது ஓரடி, இளகிய மண்ணில் இரண்டடி வரைகூட இறங்கி, அதன் நுனியில் கிழங்கு கட்டும். பொங்கலுக்கு நாம் தின்கிற பனங்கிழங்கு அதுதான். முதல் ஓலை வெளியே எட்டிப்பார்க்க எட்டு மாதம், சில இடத்தில் ஒரு வருடமும் ஆகும். அதனால் முளைக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் நாலைந்து குழியில் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளிப் பாருங்கள். கிழங்கு இருந்த இடம் வெறுங்குழியாக இருந்தால் பொங்கலுக்கு யாரோ பிடுங்கி அவித்துத் தின்றிருப்பார்கள். இது சிரிப்பதற்குச் சொல்வதல்ல, பல ஊர்களில் நடக்கிறது. கிழங்குக்கென்று தனியாக ஒரு பாத்தியில் இருநூறு விதை பதித்து, "தையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் கரையில் கைவைப்பது குறையும்.

அடுத்தது, பத்தாயிரம் என்ற கணக்கே தப்பு. ஒரு கிலோமீட்டர் என்பது 3,280 அடி. பத்தடிக்கு ஒரு குழி என்றால் ஒரு வரிசைக்கு 328. எதிரெதிராக விழாமல் இரண்டு வரிசை போட்டால் 656 குழி. குழிக்கு இரண்டு விதை, அரையடி தள்ளித் தள்ளி. சேதாரத்தையும் சேர்த்தால் 1,500 விதை போதும். பத்தாயிரத்தை ஒரே வரிசையில் போட்டால் நாலு அங்குலத்துக்கு ஒன்று விழும். அதைத் தோப்பு என்று சொல்ல முடியாது, கிழங்குப் பாத்தி என்றுதான் சொல்லணும்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். ஆகவே 500 முதல் 600 பழம். தானாக விழுந்ததை ஆவணியிலிருந்து பொறுக்குங்கள். முழுப் பழமாகப் புதைக்க வேண்டாம். வாசனைக்குப் பன்றி வந்து கிளறும், மூன்றும் ஒரே இடத்தில் முளைத்து நெருக்கும். கொட்டையைப் பிரித்து இரண்டு மூன்று நாள் நிழலில் போடுங்கள். எடை இல்லாதது, வண்டு துளைத்தது இரண்டையும் கழித்துவிடுங்கள்.

பெரிய சேதம் நடப்பது குவியலில்தான். விதையைச் சேர்த்து மழையில் குவித்து வைத்தால் அங்கேயே முளை விட்டுவிடும். அதைச் சாக்கில் அள்ளிக் கொட்டும்போது முளை ஒடியும். ஒடிந்தால் அந்த விதை அவ்வளவுதான். பொறுக்கிய இரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். கரை மண் சரளையாக இறுகியிருந்தால் குழியை ஒன்றரை அடி ஆழம் கடப்பாறையால் இளக்கி, மண்ணைத் திரும்பத் தள்ளி, மேலே ஒரு சாண் ஆழத்தில் விதையைப் படுக்க வையுங்கள். முளை தானே கீழே திரும்பிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடையாது, ஒரு நல்ல மழைக்குப் பிறகு நட்டால் சரி.

ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும் வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். எனவே "நுங்கு மரமா பார்த்துக் குடுங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை.

மதகடி:
அனுமதி விஷயம். முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊரின் நில விவரப் பதிவேடு) புல எண்ணைக் குறித்துக்கொண்டு, கரை ஓட்டத்தைப் புல வரைபடத்தில் பாருங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள். அதன் நகலை இணைத்து, நீர்வளத்துறை ஏரி என்றால் பிரிவு உதவிப் பொறியாளருக்கும், ஒன்றிய ஏரி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பருவம் பாதி போய்விடும்.

இடம்: வெளிச்சரிவின் (தண்ணீர் இல்லாத பக்கம்) அடிவாரம் மட்டும். கரை உச்சி வண்டிப் பாதை. உள்சரிவில் பொறியாளர் விடமாட்டார், விடவும் கூடாது. மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். மதகுக்கும், உபரி நீர் வழியும் கலங்கலுக்கும் இருபுறமும் முப்பது அடி விட்டுவிடுங்கள். அங்கே எப்போதும் பொக்லைன் நிற்கும். வரத்துக் கால்வாயின் உள்ளே, மின்கம்பிக்கு நேர் கீழே வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். தப்பான இடத்தில் வைத்துவிட்டு இருபது வருடம் கழித்து எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

கரையில் சீமைக்கருவேலம் இருந்தால் மழைக்கு முன்பே, ஆடிக்குள் எடுங்கள். தூரோடு பிடுங்கிய குழியை அப்படியே விடாமல் அரையடி அரையடியாக மண் போட்டு இடித்து மூடணும்.

கண்மாய்க்காரி:
தம்பி, ராமநாதபுரம் பக்கத்துலருந்து சொல்றேன், எங்க ஊர்ல கண்மாய்னு பேரு, பிரச்சினை ஒண்ணுதான். விதை முளைக்காம போறதைவிட முளைச்சு வந்ததை இழக்கிறதுதான் அதிகம். நூறு நாள் வேலையில கரையைச் செதுக்கும்போது ஒத்த ஓலையைப் புல்லுன்னு நினைச்சு மண்வெட்டியால சீவிடுவாங்க. அவங்க மேல தப்பில்ல, யாரும் சொல்லலை. ஒவ்வொரு குழி பக்கத்துலயும் சுண்ணாம்பு அடிச்ச கல்லு ஒண்ணு வைங்க. பணித்தளப் பொறுப்பாளர்கிட்ட நேர்ல போய்க் காட்டுங்க. நடவு அன்னைக்கு அந்த அக்காங்களையே முதல்ல கூப்பிடுங்க, மண்வெட்டி பிடிக்கத் தெரிஞ்சவங்க அவங்கதான்.

அடுத்து ஆட்டுக்காரங்க. நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க வீட்டுக்குப் போகணும். ஆடு கரையேறுற தடம் எதுன்னு அவங்ககிட்டயே கேட்டு, அந்த இருபதடியைக் காலியா விட்ருங்க. மாசி, பங்குனியில புது இளம்புல்லுக்குத் தீ வைக்கிற வழக்கம் இருந்தா அதையும் அப்பவே பேசிடுங்க. சின்னப் பனையோட குருத்து மண்ணுக்குள்ள இருக்கிறதால ஒரு தடவை கருகினாலும் திரும்ப வரும். வருஷா வருஷம் கருகினா வராது.

ஆள் கணக்கு: ரெண்டு பேர் ஒரு ஜோடி, ஒருத்தர் கடப்பாறை, ஒருத்தர் விதை. ஈர மண்ணுல மணிக்கு நாப்பது குழி ஓடும். 656 குழிக்கு எட்டு ஜோடி, ரெண்டு மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டரை. இருநூறு பேரைக் கூப்பிட்டா நூத்தி எண்பது பேர் செல்ஃபி எடுப்பாங்க. முதல் நாளே பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு பிடிச்சுச் சுண்ணாம்புப் புள்ளி வச்சிருங்க.

நோட்டீஸ்ல: காலை 6.30, எந்த மதகுகிட்ட கூடணும், கொண்டு வர வேண்டியது (மண்வெட்டி அல்லது கடப்பாறை, தண்ணிச் செம்பு, செருப்பு கட்டாயம், கரையில பாம்பு உண்டு), எத்தனை மணிக்கு முடியும். முடியுற நேரத்தைப் போட்டாத்தான் பெண்கள் வருவாங்க. யார் தலைமை, யார் முன்னிலைங்கிறதை விட்ருங்க, அதுல ஆரம்பிக்கிற சண்டையிலதான் பாதிக் குழு உடையுது.

வடக்குமடை:
நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். ஆடு தடம் நினைச்சே பார்க்கல. ஒரு சந்தேகம்: இப்பவே சேர்த்து வச்சதுல நூறு விதை முளை விட்டிருச்சு. தூக்கிப் போட்டுடலாமா?

கரைமேடு:
முளை ஒரு விரல் நீளத்துக்குள் இருந்தால், குவியலைக் கலைக்காமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கூடையில் வைக்கோல் பரப்பி, இன்றே கொண்டுபோய் நடுங்கள். முளை கீழே பார்த்தபடி குழிக்குள் இறங்கட்டும், மண்ணை மிதிக்காதீர்கள். அதைவிட நீண்டிருந்தால் கொட்டையைப் பிளந்து பாருங்கள், உள்ளே தவண் (பஞ்சு போன்ற தின்னக்கூடிய பருப்பு) இருந்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நட்ட கணக்கைப் பேனரில் போடாமல், குழி எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆவணியில் ஓலை விட்டதை மட்டும் எண்ணி, ஓலை வராத குழிகளுக்கு அந்தப் பருவத்திலேயே விதை போடுங்கள்.